அடிபட்ட காலேஜில் முனீஸ்வரி பெயிலான கதை

காலில் கல் இடித்துக்கொண்டவர்கள் எல்லாம் முன்னால் வந்து உட்காருங்கள். இன்னும் இடித்துக்கொள்ளாதவர்கள் பின்னால் இருங்கள். அவசரமில்லை, கல் எங்கேயும் போய்விடாது. இரண்டு பேருக்கும் பொதுவான கதைதான் இது, கண்ணுகளா.

இங்கிலீஷ்காரர்கள் ஒரு பேச்சு வைத்திருக்கிறார்களாம். எழுத்துப் படிக்கப் பள்ளிக்கூடம் இருக்கிற மாதிரி, வாழ்க்கையில் இடிபட்டு மிதிபட்டுப் படிக்கவும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது என்பார்களாம். அவர்கள் அதைப் பேச்சுக்குச் சொன்னார்கள். நம் ஆட்கள் அதற்கு மதுரை ரிங் ரோட்டில் இடம் வாங்கிக் கட்டடமே கட்டிவிட்டார்கள்.

'பட்டறிவுக் கழகம்' என்று பெயர். பெரிய வளைவு. வளைவுக்குக் கீழே ஒரு கல்லும், அந்தக் கல்லில் இடித்துக்கொண்ட ஒரு கட்டைவிரலும் சிமெண்டில் செய்து, விரல் நுனிக்கு மட்டும் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மேலே கழகத்தின் கொள்கை: 'விழு. எழு. கட்டணம் கட்டு.' சுற்றுவட்டாரத்தில் யாரும் அதைக் கழகம் என்று சொல்வதில்லை. அடிபட்ட காலேஜ் என்றார்கள். பஸ் கண்டக்டர்கூட, "அடிபட்ட காலேஜ் எல்லாம் இறங்குங்க" என்றுதான் கத்துவார். இறங்குகிறவர்கள் ஏதோ தப்பு செய்தவர்கள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு இறங்குவார்கள்.

அந்தக் காலேஜில் நம்ம முனீஸ்வரி ஏன் போய்ச் சேர்ந்தாள் என்று கேளுங்கள்.

கப்பலூரில் நட்டும் போல்ட்டும் செய்கிற ஒரு கம்பெனி. அதன் வாசலுக்கு எதிரே ஒரு புளியமரம். மரத்தடியில் முனீஸ்வரியின் டீக்கடை. டீயும் உளுந்த வடையும் மட்டும்தான். ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்; அப்புறம்தான் வீட்டுக்காரி முகம். அந்த மரத்தடிதான் அவள் குடும்பத்துக்கு அடுப்பு, விளக்கு, எல்லாம்.

முனீஸ்வரி படாத பாடில்லை. ஈமுக்கோழி வளர்த்தால் மாடிவீடு கட்டலாம் என்று ஒருத்தன் வந்து சொன்னான். வளர்த்தாள். கோழி வளர்ந்தது, வீடு வளரவில்லை. ஒருநாள் கோழி குடுத்தவன் ஓடிப்போனான். மறுநாள் கோழியும் ஓடிப்போனது. ஊர் சேர்ந்து தேடி, கோழியை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தது. இன்னொரு தடவை பம்பு ஸ்டவ் வெடித்து இடது புருவம் பொசுங்கிவிட்டது. திரும்ப முளைத்தபோது கொஞ்சம் மேலே ஏறி முளைத்தது. அன்றிலிருந்து யார் என்ன சொன்னாலும் நம்பாத மாதிரியே ஒரு முகம் அவளுக்கு. புருஷன் பேயாண்டி நல்ல மனுஷன், ரிவர்ஸ் எடுக்கிற நேரம் தவிர. வாடகை லோடு ஆட்டோவைப் பின்னால் எடுத்துக் கண்மாய்க்குள் இறக்கிவிட்டு, "தண்ணி இம்புட்டுப் பக்கத்துல இருக்கும்னு தெரியல முனி" என்றான்.

இப்படி இருக்கையில் கம்பெனி மேனேஜர் ஒருநாள் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"அக்கா, சுவத்தைத் தள்ளிக் கட்டப்போறோம். இந்த மரம் உள்ள வந்துரும். இனிமே இங்க கடை போட முடியாது."

"அப்ப நான் எங்க போறது தம்பி?"

"உள்ளயே கேன்டீன் வருதுக்கா. நீங்களே நடத்துங்க, சந்தோஷமாத் தாரோம். ஒரே ஒரு சான்றிதழ் மட்டும் வேணும்."

"டீ போடத் தெரியும்னா?"

"அதை யாரு கேட்டா? நீங்க வாழ்க்கையில அடிபட்டவங்கன்னு. பட்டறிவுச் சான்றிதழ். இப்ப யாரைச் சேர்த்தாலும் அதுதான் கேட்கணும்னு மேலேருந்து உத்தரவு. ஆடி முடியுறதுக்குள்ள கொண்டாந்துருங்க. இல்லைன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்."

முனீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்புட்டுத்தானா? அடி என்கிட்ட குடோன் குடோனாக் கிடக்கு. நாளைக்கே வாங்கியாரேன்."

மறுநாள் ஒயர் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். வரவேற்பு மேசையில் ஜாய்ஸ் என்று ஒரு பெண், தன்மையான பிள்ளை.

"என்ன அடிக்கா உங்களுக்கு?"

முனீஸ்வரி ஈமுவில் ஆரம்பித்து, ஸ்டவ் வழியாகக் கண்மாய் வரைக்கும் வந்தாள். ஜாய்ஸ் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். ஈமு இடத்தில் அவளுக்குக் கண்ணீர்கூட வந்துவிட்டது. சிரிப்பா துக்கமா என்று சொல்ல முடியாது. கடைசியில் மெதுவாகக் கேட்டாள்.

"இதெல்லாம் எங்க வச்சுக்கா பட்டீங்க?"

"எங்க ஊருல வச்சுத்தான். வேற எங்க?"

"வெளியில பட்டதா?" ஜாய்ஸ் முகம் வாடிவிட்டது. "அது செல்லாதுக்கா. அங்கீகாரம் இல்லாத அடி. நம்ம வளாகத்துக்குள்ள, நம்ம ஆசிரியர் முன்னால, பாடத்திட்டப்படி பட்டாத்தான் கணக்கு."

"ஏத்தா, இந்தப் புருவத்தைப் பாரு!"

"பாக்குறேன்க்கா. அழகாத்தான் இருக்கு. ஆனா அடுப்பு வெடிச்சப்ப பக்கத்துல ஆசிரியர் யாராச்சும் நின்னாங்களா?"

"நின்னுருந்தா அவருக்கும்ல புருவம் போயிருக்கும்!"

"அதுவும் சரிதான். அந்தக் கோழி விஷயத்துலயாச்சும் என்ன பாடம் கத்துக்கிட்டீங்கன்னு சொல்லுங்க, பாப்போம்."

"வீட்டு நிலைவாசலை விட உசரமா வளர்ற கோழியை வாங்கக் கூடாதுன்னு."

ஜாய்ஸ் பாடத்திட்டத்தைப் புரட்டினாள். "இங்க வேற போட்டிருக்கே. 'முதலீட்டின் இடர்களை முன்கூட்டியே மதிப்பிடல்.' நீங்க தப்பான பாடத்தைக் கத்துக்கிட்டீங்கக்கா. பரவாயில்ல, முதல்லேருந்து ஏமாந்துக்கிரலாம். திங்கக்கிழமை வகுப்பு."

திங்கட்கிழமை தொடக்க விழா. கழகத்தின் இயக்குநர் முனைவர் ஜெயபாண்டி வந்தார். அவருக்கு முன்னால் ஒரு ஆள், வழியில் கிடக்கிற கல்லையெல்லாம் பொறுக்கிக்கொண்டே நடந்தான். பின்னால் ஒரு ஆள் குடையோடு நடந்தான். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஆனாலும் காக்கை என்று ஒன்று இருக்கிறதே.

மேடையேறி அவர் பேசிய பேச்சை அப்படியே சொல்கிறேன்.

"மாணவச் செல்வங்களே! நம் மக்களிடம் கெட்ட அனுபவம் இல்லாமல் இல்லை. ஏராளமாக இருக்கிறது. ஆனால் கண்டபடி கிடக்கிறது! நேரங்காலம் இல்லாமல் விழுகிறார்கள். முன் அனுமதி இல்லாமல் ஏமாறுகிறார்கள். ஒருவர் பட்ட அதே துன்பத்தை இன்னொருவரும் படுகிறார், எவ்வளவு வீண்! இதை ஒழுங்குபடுத்தத்தான் இந்தக் கழகம். சிலர் என்னைக் கேட்கிறார்கள், உங்களுக்கு இதில் என்ன அனுபவம் என்று. பெருமையோடு சொல்கிறேன். பிறந்ததிலிருந்து நான் ஒருமுறைகூட விழுந்ததில்லை. ஏமாந்ததில்லை. தோற்றதில்லை, எதிலாவது கலந்துகொண்டால்தானே தோற்பதற்கு! ஆகவே, அடிபடுவதைப் பற்றி எந்தப் பக்கமும் சாயாமல் பேச என்னைவிடத் தகுதியானவர் இந்த மாவட்டத்திலேயே இல்லை."

எல்லாரும் கைதட்டினார்கள். முனீஸ்வரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பலமாகவே தட்டினாள். வில்லாபுரத்துப் பிள்ளை, அஸ்வினி என்று பெயர். இன்ஜினீயரிங் முடித்தவள்.

"உனக்கு என்னத்தா இங்க வேலை?"

"வேலை கேட்டுப் போனா அனுபவம் இருக்கான்னு கேக்குறாங்கக்கா. அனுபவம் எங்க கிடைக்கும்னு கேட்டா, வேலைக்குப் போனாக் கிடைக்கும்ங்கிறாங்க. அதான் மொத்தமா இங்க வந்து அடிபட்டுட்டுப் போயிரலாம்னு."

முதல் பாடம், விழுதல். அதற்கு ஒரு தனிக் கூடம். ரோட்டுக் குழியை அளவெடுத்து வந்து, அதே ஆழம், அதே கோணல், அதே சாக்கடைத் தண்ணீர் எல்லாம் வைத்துக் குழி செய்திருந்தார்கள். ஆனால் இன்சூரன்ஸ்காரர்கள் ஒத்துக்கொள்ளாததால் குழிக்குள் ஒரு மெத்தையும் போட்டிருந்தார்கள். ஒருத்தர் பின் ஒருத்தராக நடந்து வந்து விழ வேண்டும்.

அஸ்வினி போனைப் பார்த்துக்கொண்டே வந்து, "அய்யோ அம்மா" என்று அழகாக விழுந்தாள். ஆசிரியர் முகத்தில் ஒரு பூரிப்பு.

"வலிக்கவே இல்ல சார்" என்றாள் எழுந்து.

"மார்க் முகத்துக்குத்தாம்மா. வலிச்ச மாதிரி இன்னொரு தடவை வை... ஆங், அப்படித்தான்!"

முனீஸ்வரி வந்தாள். குழிகிட்ட வந்ததும் கால் தானாக விலகிச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. திரும்ப வரச் சொன்னார்கள். திரும்பவும் அதே கதை. கண்ணைக் கட்டி விட்டார்கள். மூக்கு விடைத்தது, சாக்கடை வாசம் பிடித்து நின்று, சேலையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாண்டு.

"விழுங்கம்மா!" என்று ஆசிரியர் கெஞ்சினார்.

"நானும் விழணும்னுதான் சார் வாரேன். காலு கேக்க மாட்டேங்குது."

அடுத்தது ஏமாறுதல். அந்தத் துறைக்குத் தலைவர் ராயப்பன் சார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் கூப்பிட்டார்களாம். வந்து பார்த்தால் ஏமாற்றுத் துறையில் மட்டும்தான் இடம் காலியாக இருந்ததாம். பாவம், பழைய மாணவர்கள் யாராவது ரோட்டில் பார்த்து "இப்ப எங்க சார் இருக்கீங்க" என்று கேட்டால், சட்டென்று பஸ் ஏறிவிடுவார்.

வகுப்பறையைத் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு மாதிரி ஜோடித்திருந்தார்கள். சார் திருடன். முனீஸ்வரி பயணி. "அம்மா, உங்க பஸ் கிளம்புது பாருங்க!" என்று சார் கையைக் காட்டுவார், அவள் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும், சார் ஒயர் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். முனீஸ்வரி இந்தத் தடவை ஏமாந்தே தீருவது என்று முடிவுகட்டி வந்திருந்தாள். சார் கை காட்டிய பக்கம் வெறும் சுவர்தான் இருந்தது. அந்தச் சுவரையே, பஸ் வருகிற மாதிரி ஆசையோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

சார் கூடையைத் தூக்கினார். கதவு வரைக்கும் போனார். அங்கே நின்றார். திரும்பி வந்தார்.

"ஏம்மா, கூடையை இப்படி அசால்ட்டா வச்சுட்டு நிக்கலாமா? காலம் கெட்டுக் கிடக்கு. பிடிங்க."

"சார், கொண்டுபோங்க சார்! எனக்கு மார்க் வேணும்."

"கை வரமாட்டேங்குதும்மா. நேத்துக் கோயில்ல பிரசங்கமே இதைப் பத்தித்தான்."

"கண்ணை மூடிக்கிறேன். தூக்கிட்டு ஓடுங்க."

"உள்ள சாப்பாடு வேற இருக்கு போல. பசிக்காதா உங்களுக்கு?"

அன்றைய முடிவை ஜாய்ஸ் வாசித்தாள்: 'மாணவி ஏமாறத் தயாராக இருந்தும் ஆசிரியர் ஏமாற்றத் தவறியதால், மாணவி தோல்வி.'

மூன்றாவது நாய்க்கடி. கழகத்து நாய்க்குப் புலி என்று பெயர். குரைக்கிறபோது மட்டும் புலி. மாணவர்கள் ஓட வேண்டும், அது துரத்த வேண்டும். அஸ்வினி ஓடினாள், செருப்பு ஒரு பக்கம், துப்பட்டா ஒரு பக்கம். முழு மார்க். முனீஸ்வரி முறை வந்தது. அவள் முந்தானையில் காலையில் சுட்ட வடை வாசம். புலி பாய்ந்து வந்து, மோந்து பார்த்து, மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டது. எழுப்பிப் பார்த்தார்கள்; எழுப்பியவரைக் கடித்தது. குறிப்பில் எழுதினார்கள்: 'நாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தோல்வி.'

கடைசியில் காத்திருத்தல் என்று ஒரு பாடம். ஆசிரியர் வரவே மாட்டார், அதுதான் பாடம். எல்லாரும் கொட்டாவி விட்டு, எரிச்சல்பட்டு, வாட்சைப் பார்த்து மார்க் வாங்கினார்கள். முனீஸ்வரி அத்தனை பேரிடமும் ஊர், உறவு விசாரித்து, பெஞ்சில் ஒரே சிரிப்பாக்கிவிட்டாள். 'காத்திருத்தலில் மகிழ்ந்தார். தோல்வி.'

இதற்குள் ஆடி பாதி போய்விட்டது. கப்பலூரில் சுவருக்குக் கடைக்கால் தோண்டிக்கொண்டே மரத்துக்கிட்ட வந்துவிட்டார்கள். பேயாண்டி ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "ஏன் முனி, நான் வேணா வந்து லோடு ஆட்டோவை உன் மேல ரிவர்ஸ்ல..." என்று ஆரம்பித்தான். அவள் பார்த்த பார்வையில் மீதியை முழுங்கிவிட்டான்.

வேறு வழியில்லாமல் இயக்குநரையே பார்க்கப் போனாள்.

"ஐயா, எல்லாப் பாடத்துலயும் பெயில் போட்டுட்டாங்க."

"தெரியும் அம்மா. உங்களைப் பற்றி ஆட்சிக்குழுவில் மிகுந்த கவலையோடு பேசினோம். உங்களுக்குக் கெட்ட அனுபவம் வரவே மாட்டேன் என்கிறது. இது ஒரு குறைபாடு. வெளியிடங்களில் கண்டபடி பட்டுவிட்டு வருகிறவர்களுக்கு இப்படித்தான் ஆகிறது."

"ஐயா, படிக்காதவ கேக்குறேன், கோவிச்சுக்கக் கூடாது. ஒருதடவை அடிபட்டா, அடுத்த தடவை படாம இருக்கணும்னுதானே பாடமே?"

இயக்குநர் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பது போலச் சிரித்தார். "எல்லோரும் அப்படி நினைத்துவிட்டால், அடுத்த ஆண்டு இங்கே யார் அம்மா சேருவார்கள்?"

முனீஸ்வரி அவரையே பார்த்தாள். புருவம் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. அவருக்கே என்னவோ போல் ஆகிவிட்டது. "சரி, ஒரு சலுகை தருகிறேன். பட்டமளிப்பு விழா முடிவதற்குள் வளாகத்துக்குள்ளே, சாட்சியோடு, உண்மையான ஒரு அடி படுங்கள். மேடையிலேயே சான்றிதழ். உங்கள் பேரைப் போட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு ஒன்றை அச்சடித்து வைக்கச் சொல்கிறேன்."

விழா என்றால் ஃப்ளெக்ஸ் இல்லாமலா? நம்ம ஊரில் காது குத்தினாலும் ஃப்ளெக்ஸ், கல்யாணத்துக்கும் ஃப்ளெக்ஸ், காலமானாலும் ஃப்ளெக்ஸ். திறந்த மைதானத்தில் மேடை போட்டு, மேடைக்குப் பின்னால் மேடையை விடப் பெரியதாக ஒன்று நிறுத்தினார்கள். அதில் இயக்குநர் கோட்டுப் போட்டு ஒரு படம். போன் பேசுகிற மாதிரி ஒரு படம். விரலை நீட்டி யாரையோ எச்சரிக்கிற மாதிரி ஒரு படம். தாடையில் கைவைத்து யோசிக்கிற மாதிரி ஒரு படம். அப்புறம் அவர் வீட்டம்மா, சிறப்பு விருந்தினராக வருகிற நட்டு போல்ட்டு கம்பெனி மேனேஜர், ஆட்சிக்குழு. அடியில் கடுகைச் சிதறின மாதிரி மாணவர்கள்.

ஃப்ளெக்ஸ் கட்ட வந்த முத்திருளன் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்து நின்றான்.

"சார், ஆடிக் காத்து. அங்கங்க பிறை மாதிரி கிழிச்சு விடணும். அப்பத்தான் காத்து ஊடால போகும். எங்க கிழிக்கட்டும்?"

உடனே குழு கூடியது. கோட்டுப் படத்தில் கிழிக்க முடியாது, அதுதான் பிரதானம். யோசிக்கிற படத்தில் நெற்றியில் கிழித்தால் யோசனையில் ஓட்டை இருப்பதாக ஜனம் பேசும். "போன்ல கிழிக்கலாமா சார்?" என்றார் ஒருவர். "புதுப் போன்" என்றார் இயக்குநர். வீட்டம்மா பக்கம் யாரும் பார்க்கவே இல்லை. விருந்தினரைக் கிழிப்பது மரியாதை இல்லை. மதியச் சாப்பாடு வரைக்கும் பேசி, மாணவர்களைக் கிழிப்பது என்று ஒருமனதாக முடிவானது.

"அம்புட்டும் சின்னச் சின்ன மூஞ்சி சார். காத்துப் பத்தாது" என்றான் முத்திருளன். குழு கலைந்து போய்விட்டிருந்தது. ஆனமட்டும் பெரிசாக அறுத்துவிட்டுக் கயிற்றை இறுக்கினான்.

விழாவன்று முனீஸ்வரி மேடைக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். அவள் முகத்திலும் அஸ்வினி முகத்திலும் பெரிய பெரிய பிறை.

"ஏத்தா, நம்ம மூஞ்சி வழியாத்தான் இந்தக் காலேஜுக்கே காத்து வருது போல."

மாணவர்கள் எல்லாரையும் மேடையின் பின்வரிசையில், ஃப்ளெக்ஸுக்கு நேர் கீழே உட்காரவைத்தார்கள். அஸ்வினிக்குத் தங்கப் பதக்கம். எல்லாப் பாடத்திலும் முதல் அடி அவளுடையதுதான். பதக்கம் தங்கம் இல்லை என்று பிறகு தெரிந்தது. அதுவும் பாடத்திட்டத்தில் உண்டாம். மேசையில் ஒரு சான்றிதழ் மட்டும் பெயர் போடாமல் கிடந்தது. முனீஸ்வரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். காற்று எழும்பியது. முதலில் மேசைத் துணி பறந்தது. அப்புறம் அடித்த ஒரு காற்றில் ஃப்ளெக்ஸ் வயிறு உப்பி, அதைத் தாங்கி நின்ற சவுக்குக் கட்டை 'ங்ங்ங்' என்று முனகியது. மேடையில் அந்தச் சத்தம் விளங்கியது முனீஸ்வரிக்கு மட்டும்தான். சாயப்போகிறது. மேடை முன்வரிசையில் மேனேஜர், சாட்சிக்கு ஊரே இருக்கிறது. நகராமல் உட்கார்ந்தால் போதும். ஒரு புடைப்பு, ஒரே ஒரு புடைப்பு. புளியமரத்தை நினைத்துக்கொண்டாள். நாற்காலியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டாள். இந்தத் தடவை எழுந்திருக்கவே கூடாது.

பக்கத்தில் அஸ்வினி, ஒன்றும் தெரியாமல் கழுத்துப் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கண்ணுகளா, அவள் எழுந்திருக்கவில்லை. அவள் உடம்பு எழுந்துவிட்டது. எழுந்த கை அஸ்வினியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. வாய் கத்தியது.

"எல்லாரும் எந்திரிச்சு ஓடுங்க! ஐயா, தள்ளி வாங்க! பின்னாலேருந்து சாயுது!"

பின்வரிசை சிதறி ஓடியது. மேனேஜர் மேடையிலிருந்து கீழே குதித்தார்.

"கேள்விகள் உரைக்குப் பிறகு" என்றார் இயக்குநர். "நான் சொல்ல வந்தது என்னவென்றால், என் வாழ்நாளில் ஒருமுறைகூட..."

அவ்வளவுதான். கோட்டுப் போட்ட ஜெயபாண்டி, போன் பேசுகிற ஜெயபாண்டி, எச்சரிக்கிற ஜெயபாண்டி, யோசிக்கிற ஜெயபாண்டி, நாலு பேரும் சேர்ந்து நிஜ ஜெயபாண்டி மேல் விழுந்தார்கள். சத்தம் அடங்கியது. ஃப்ளெக்ஸுக்கு அடியில் ஏதோ ஊர்ந்தது. முனீஸ்வரி படத்தின் பிறை வழியாக முதலில் ஒரு கை வந்தது, அப்புறம் மூக்கு வந்தது, அப்புறம் முழுத் தலையும் வந்தது. நெற்றியில் கொழுக்கட்டை மாதிரி ஒரு புடைப்பு.

இயக்குநர் அதைத் தொட்டுப் பார்த்தார். "இது என்ன?"

"அடி சார்" என்றார் ராயப்பன் சார்.

"வலிக்கிறதே!"

"ஆமா சார். அப்படித்தான் இருக்கும்."

"எப்போது நிற்கும்?" என்று கேட்டுவிட்டு இயக்குநர் அழ ஆரம்பித்தார். அழுது பழக்கமில்லாததால் அது கொட்டாவி மாதிரியும் விக்கல் மாதிரியும் வந்தது. முனீஸ்வரி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையைப் பந்தாகச் சுருட்டி, வாயில் வைத்து ஊதிச் சூடாக்கி, நெற்றியில் ஒத்தினாள். "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் படுறதுதான்." ஊதினாள், ஒத்தினாள்.

ஆட்சிக்குழு மேடையிலேயே கூடியது. விதி விதிதான் இல்லையா? வளாகத்துக்குள், சாட்சியோடு, உண்மையான ஓர் அடி. கழகம் தொடங்கியதிலிருந்து இந்த விதிகள் முழுதாகப் பொருந்துகிற முதல் ஆள் இயக்குநர்தான். காலி இடத்தில் அவர் பேரை எழுதி, பொன்னாடை போர்த்தி, அவர் சான்றிதழில் அவரிடமே கையெழுத்து வாங்கி அவருக்கே கொடுத்தார்கள்.

முனீஸ்வரியின் முடிவையும் ஜாய்ஸ் வாசித்தாள். 'தோல்வி. காரணம்: தள்ளிப்போனார். கூடுதல் காரணம்: மற்றவர்களையும் தள்ளிப்போகச் செய்தார்.'

மேனேஜர் பேன்ட்டில் மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தார். "நீங்க மட்டும் கத்தலைன்னா நான் உள்ள மாட்டியிருப்பேன்க்கா. உசுரைக் காப்பாத்துனீங்க. ஆனா சான்றிதழ் இல்லாம நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்க."

ஆடி கடைசியில் மரத்தடியில் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தாள் முனீஸ்வரி. அரைச் சுவர் எழும்பிவிட்டது. பேயாண்டி பாத்திரங்களை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தான். அந்த நேரம் அஸ்வினி வந்து ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அக்கா, இன்டர்வியூ போனேன். என் மார்க்கைப் பாத்துட்டு, இம்புட்டு அடிபட்ட பொண்ணை வேலைக்கு வச்சா கம்பெனிக்கு ராசி இருக்காதுன்னுட்டாங்கக்கா."

"விடுத்தா. இந்தா டீயைக் குடி. இதுதான் கடைசி டீ."

அஸ்வினி குடித்தாள். பாதி கிளாஸில் நிறுத்தினாள். சுவரைப் பார்த்தாள், கழுத்துப் பதக்கத்தைப் பார்த்தாள், முனீஸ்வரியைப் பார்த்தாள்.

"எனக்கு டீ போட வராதுக்கா. வீட்ல ஒருநாள் போட்டேன். எங்கப்பா குடிச்சுப் பாத்துட்டு, அரிசி கழுவுன தண்ணியான்னு கேட்டாரு. ஆனா சான்றிதழ் இருக்குல்ல?"

பேயாண்டி ஏற்றின சட்டியை இறக்கிக் கீழே வைத்தான். அவனுக்குக்கூடப் புரிந்துவிட்டது.

கேன்டீன் அஸ்வினி பேரில் வந்தது. முன்னால் கல்லாவில் அவள். தலைக்கு மேலே சான்றிதழும் பதக்கமும். பின்னால் தடுப்புக்கு அந்தப் பக்கம் முனீஸ்வரி. திறப்பு விழாவன்று மேனேஜர் டீயை உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடினார். "பாத்தீங்களா, சான்றிதழ் உள்ளவங்க போடுற டீயே தனி! அந்த மரத்தடி டீ எங்க, இது எங்க!" தடுப்புக்குப் பின்னால் ஆற்றுகிற சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி தொடர்ந்தது.

அன்றைக்கு இயக்குநரும் வந்திருந்தார். முன்னால் கல் பொறுக்குகிறவன், பின்னால் குடைக்காரன், அதே தோரணை. நெற்றியில் மட்டும் லேசாகத் தழும்பு. அவருக்கென்று புளியமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். நாற்காலிக்கு மேலே, மரக்கிளையில் திறப்பு விழா ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. உட்காரப் போனவர் நின்றார். அண்ணாந்து பார்த்தார். கை தானாக நெற்றிக்குப் போனது. குடைக்காரன் ஓடிவருவதற்குள், அவரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், நாலு எட்டு தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

தடுப்பு இடுக்கு வழியாக முனீஸ்வரி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுடச்சுட ஒரு டீயும், அவர் கேட்காத ஒரு வடையும் எடுத்துக்கொண்டு தானே வெளியே வந்தாள்.

"நீங்க பாஸ் சார்."

"சான்றிதழ்தான் அன்றைக்கே வாங்கிவிட்டேனே அம்மா" என்றார் அவர், புரியாமல்.

"அது பெயிலானதுக்கு சார். வடையைச் சாப்பிடுங்க, ஆறிரும்."

இதுதான் கதை. எழுந்து போகலாம், கண்ணுகளா. பின்வரிசைக்காரர்களே, அந்த வாசற்படி மற்ற படிகளை விடக் கொஞ்சம் உயரம், பார்த்து இறங்குங்கள். நீங்களாகவே தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் இவ்வளவு நேரம் சொல்லாமல் இருந்தேன். வாய் கேட்கவில்லை.